பழைய கூரைக்குப் புதிய பனல்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நமக்கு நெடுநாட் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நமது வீட்டுக்கு வந்தார். வடமராட்சியைச் சேர்ந்தவர். கணிதம் படிப்பித்தவர், ஆகையால் எதையும் கணக்குப் பாராமற் செய்ய மாட்டார். அன்று அவர் கையில் இரண்டு கடதாசிகள் இருந்தன. ஒன்று மின்பட்டியல். மற்றது வியாபாரி ஒருவர் எழுதிக் கொடுத்த விலைமதிப்பு.

விஷயம் இதுதான். 2016ஆம் ஆண்டில் அரசாங்கம் ‘சூரிய பல சங்கிராமய’ என்னுந் திட்டத்தைத் தொடங்கிய பின், நாடெங்கும் பல வீடுகளிற் சோலர் பனல்கள் ஏறின. நம் ஆசிரியரும் அடுத்த ஆண்டு எட்டுப் பனல்களைத் தம் கூரையிற் பொருத்தினார். ஒவ்வொன்றும் 260 வாற்று. மொத்தம் 2,080 வாற்று. அவற்றுக்கேற்ப 2 கிலோவாற்று இன்வேர்ட்டர் ஒன்று. நமது நாட்டு வெயிலில் ஒரு கிலோவாற்றுப் பனலிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 அலகு மின்சாரம் எதிர்பார்க்கலாம். அப்படியானால் மாதத்துக்கு 240 அலகு. அவரும் மனைவியாரும் வயது முதிர்ந்த தாயாரும் மட்டுமே இருந்த வீட்டுக்கு அது போதியதாகவும் மிஞ்சியதாகவும் இருந்தது. பின்னர் மகளின் குடும்பம் கொழும்பிலிருந்து ஊரோடு வந்து சேர்ந்தது. குளிரூட்டி வந்தது, மின்சார ஸ்கூட்டர் வந்தது, பிள்ளைகளும் வந்தார்கள். செலவு மாதத்துக்கு 400 அலகைத் தாண்டிவிட்டது.

“தம்பி, 550 வாற்றிலை நாலு பனல் போடச் சொல்லுறாங்கள். இன்வேர்ட்டர் இருக்குது, வயர் இருக்குது, பனலுக்கு மட்டும் காசு தந்தாற் போதுமாம். உள்ளது 2,080. புதிசு 2,200. இரண்டு மடங்குக்கும் மேலை. கணக்குச் சரிதானே?” என்று கேட்டார்.

பணம் மகள் சீட்டுப் பிடித்துச் சேர்த்தது. அதனாலேதான் அவர் நம்மிடம் வந்திருந்தார். தமது பணமென்றால் வந்திருக்க மாட்டார் என்பது நமது எண்ணம்.

கூட்டற் கணக்குச் சரிதான். ஆனாற் பனல்களைக் கூட்டுவது வாழைக்குலைகளைக் கூட்டுவது போன்றதன்று. விஞ்ஞானம் படிக்கும் மாணாக்கர் இவ்விடத்தைச் சற்றுக் கவனித்து வாசிக்கவேண்டும்.

கூரையிலுள்ள பனல்கள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கப்பட்டிருக்கும். தொடரில் இணைத்தால் வோல்ற்றளவு கூடும். ஓட்டம் எல்லாவற்றினூடாகவும் ஒன்றாகவே இருக்கும். பழைய 260 வாற்றுப் பனல் நல்ல வெயிலில் ஏறத்தாழ எட்டரை அம்பியர் ஓட்டந் தரும். இன்றைய 550 வாற்றுப் பனலோ 13 அம்பியர் தரவல்லது. இரண்டையும் ஒரே தொடரிற் பூட்டினால் நடப்பதென்ன? கிழட்டு எருதையும் இளங் காளையையும் ஒரே நுகத்திற் பூட்டினால் வண்டி எந்த நடையிற் போகும்? அதே நடைதான். புதிய பனலும் எட்டரை அம்பியருக்கு மேற் கொடுக்க இயலாது. அதன் வோல்ற்றளவு 42 என்று கொண்டு பெருக்கிப் பார்த்தால் 350 வாற்றுக்குச் சற்று மேல் வருகிறது. அதாவது 550 வாற்றுக்குப் பணங்கொடுத்து 350 வாற்றுப் பனலை வாங்கியதாகிறது. நாலு பனலிலும் சேர்ந்து ஏறக்குறைய 800 வாற்று கூரையிலேயே நின்றுவிடும்.

இதை நாம் ஒரு கடதாசியின் பின்புறத்தில் எழுதிக் காட்டியபோது ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப சமாந்தரமாய்ப் பூட்டினால்?” என்றார். நல்ல கேள்வி. சமாந்தரத்தில் ஓட்டம் கூடும்; ஆனால் இரு பக்கத்திலும் வோல்ற்றளவு ஒத்திருக்கவேண்டும். எட்டுப் பழைய பனல்கள் சேர்ந்து 250 வோல்ற்றளவில் வேலை செய்யும்போது, நாலு புதிய பனல்கள் 168 வோல்ற்றில் நிற்கும். அதுவும் பொருந்தாத சோடி. பழையதைப் போன்ற 260 வாற்றுப் பனல்களையே தேடி வாங்கலாமென்றால், அந்த அளவிற் புதியனவாக இப்போது கடைகளிற் கிடைப்பது அரிது.

அன்று பின்னேரமே நாம் அவருடன் அவர் வீட்டுக்குப் போனோம். இன்வேர்ட்டரின் பக்கவாட்டில் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருந்தது. எட்டு ஆண்டுத் தூசியைத் துடைத்த பின்னரே எழுத்துத் தெரிந்தது. வீட்டில் சோலர் உள்ள ஒவ்வொருவரும் இந்த ஒட்டுத்தாளை ஒரு முறையாவது வாசித்துவிட வேண்டும். வியாபாரி சொல்லாத பல செய்திகள் அதிலே இருக்கும். நம் ஆசிரியரின் இன்வேர்ட்டர் தாங்கக்கூடிய ஆகக்கூடிய நேரோட்ட வோல்ற்றளவு 500 என்று அதிற் கண்டிருந்தது. பனல்களில் ஓட்டம் இல்லாதபோது பழைய பனல் ஒன்று 38 வோல்ற்றும் புதியது 50 வோல்ற்றும் காட்டும். எட்டு முப்பத்தெட்டு 304. நாலு ஐம்பது 200. மொத்தம் 504. எல்லை கடந்துவிட்டது! அதுவும் 25 பாகை வெப்பநிலைக்கு உரிய கணக்கு. பனல் குளிரக் குளிர அதன் வோல்ற்றளவு ஏறும். யாழ்ப்பாணத்து மார்கழி விடியலிற் சிறிதளவு ஏறும். உறைபனி விழும் நுவரெலியா விடியலானால் இன்னும் நன்றாக ஏறும். இந்த எல்லையை மீறினால் மின்சாரம் குறைவதோடு நில்லாது, இன்வேர்ட்டரே எரிந்துபோகலாம்.

அந்த ஆபத்து இல்லையென்றே வைத்துக்கொள்வோம். 2 கிலோவாற்று இன்வேர்ட்டர் எவ்வளவு பனலைச் சேர்த்தாலும் 2 கிலோவாற்றுக்கு மேல் வீட்டுக்குக் கொடாது. ஒரு கொத்துக் கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு கொத்து அரிசியைக் கொட்டுவது போன்றதே அது. காலையிலும் மாலையிலும் வெயில் மெலிந்த வேளையிற் சிறிது நன்மை கிட்டும். உச்சி வேளையில் மிஞ்சியது வீண். இன்வேர்ட்டரின் அளவைவிட நூற்றுக்கு இருபது முப்பது வீதம் அதிகமாகப் பனல் வைப்பது வழக்கமே, அதிற் பிழையில்லை. வெப்பத்தாலும் தூசியாலும் பனல் தன் முழு வலுவை அரிதாகவே தருகிறது. நண்பகலிற் பனலின் சூடு 60 பாகைக்கு மேற் போகும். ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.4 வீதமளவில் வலு குறையும். ஆனால் இருபது முப்பது வீதம் வேறு. நூறு வீதத்துக்கு மேல் ஏற்றுவது வேறு.

ஆகவே பழைய தொகுதியை அப்படியே விட்டுவிட்டு, புதிய பனல்களுக்குத் தனியான இன்வேர்ட்டர் வைப்பதே பெரும்பாலான வீடுகளுக்கு உகந்த வழி. இரண்டும் வீட்டின் ஆடலோட்டப் பக்கத்திற் சந்திக்கும். அங்கே கிழடும் இளசும் ஒன்றையொன்று இழுப்பதில்லை. பழைய இன்வேர்ட்டர் ஏற்கெனவே முனகத் தொடங்கியிருந்தால், அதனை அகற்றிவிட்டு இரண்டு தனித்தனி உள்ளீடுகள் உள்ள பெரிய இன்வேர்ட்டர் ஒன்றை வைத்து, பழைய தொடரை ஒன்றிலும் புதிய தொடரை மற்றதிலும் கொடுக்கலாம். பனல்கள் இருபத்தைந்து ஆண்டு நிற்கும். இன்வேர்ட்டர் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் நிற்பது அதிட்டம். ஆசிரியரின் இன்வேர்ட்டர் இன்னும் நல்ல நிலையில் இருந்தது.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெற்குப் பக்கத்துக் கூரை பழைய பனல்களால் நிறைந்திருந்தது. வடக்குப் பக்கத்தில் வைத்தாற் பயனில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இந்தப் பேச்சு தூரத்துக் குளிர்நாடுகளுக்குப் பொருந்தும். யாழ்ப்பாணம் வட அகலக்கோட்டின் 10 பாகைக்குச் சற்றுக் குறைவிற் கிடக்கிறது. சித்திரை நடுவிலிருந்து ஆவணி வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. ஆனால் மார்கழியில் அது உச்சியிலிருந்து 33 பாகை தெற்கே சாய்ந்துவிடும். எனவே சரிவு குறைந்த தகரக் கூரையானால் வடக்குப் பக்கத்தில் வைப்பதால் ஆண்டு முழுவதிலும் ஏற்படும் நட்டம் பெரிதன்று. பழைய ஓட்டு வீடுகளின் செங்குத்தான சரிவானால் மாரி மாதங்களில் நன்றாகவே இழப்போம். மேற்குப் பக்கம் நடுத்தரம். எப்பக்கமாயினும் வேறு திசை நோக்கிய பனல்களை வேறு தொடராகவே பூட்டவேண்டும் என்பதை மறக்கலாகாது.

புதிய பனல் பழையதிலும் பெரிது. இரண்டரைச் சதுர மீற்றர் பரப்பும் 27 கிலோ வரை பாரமும் உள்ளது. பாரத்தைவிடக் காற்றுக்கே நாம் அஞ்சவேண்டும். 1964 மார்கழிப் புயலைக் கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஓடுகளுக்குக் கீழே பனஞ்சலாகை எந்த நிலையில் இருக்கிறது என்று தச்சர் ஒருவரை ஏற்றிப் பார்க்காமல் மேலே எதையும் வைக்கக்கூடாது. கடற்கரைக் கிராமங்களில் உப்புக்காற்று சாதாரண இரும்பாணியை மூன்று ஆண்டிற் கரைத்துவிடும். துருப்பிடியா உருக்கு ஆணியே கேட்டு வாங்கவேண்டும். ஆசிரியர் வீட்டுக் கூரையில் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெற்குப் பக்கத்துப் பனல்களில் இரண்டின்மேல் முருங்கைக் கொப்பொன்றின் நிழல் விழுந்திருந்ததையும் கண்டோம். 2017இல் அந்த முருங்கை இருக்கவில்லையாம்.

இனிக் கடதாசி விஷயம். வீட்டுச் சோலர் தொகுதி எவ்வளவு கொள்ளளவுக்கு அங்கீகாரம் பெற்றதோ அதற்கு மேல் வைப்பதற்கு மின்சாரம் வழங்குவோரின் அனுமதி மீண்டும் வேண்டும். “நாலு பனல்தானே, யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள்” என்று சொல்பவர்கள் உண்டு. மீற்றர் ஏறாமலே பார்த்துவிடும். பழைய ஒப்பந்தத்தின் விலையையும் எடுத்து வாசிக்கவேண்டும். 2016ஆம் ஆண்டுத் திட்டத்தில் முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும் அதன்பின் 15 ரூபா 50 சதமும் என்று இருந்தது. 2022இல் புதியவர்களுக்கு 37 ரூபாவாக ஏறியது; 2024இல் 27 ரூபாவாக இறங்கியது; 2025இல் மேலும் இறங்கியது. ஆகவே, சேர்க்கும் பனல்களிலிருந்து போகும் அலகுகளுக்கு எந்த விலை, பழைய அலகுகளின் விலை அதனால் மாறுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

விற்கவென்று பனல் கூட்டும் எண்ணம் உள்ளவர்களுக்கு இன்னொன்றுஞ் சொல்லவேண்டும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிற் கூரைச் சோலர்களைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டதை வாசகர் நினைவு கூர்வர். தொழிற்சாலைகள் மூடியிருக்கும் விடுமுறைப் பகலில் மின்சாரம் கொள்வாரில்லாமற் கிடக்கிறது. மாலை ஆறரை மணிக்குப் பின் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கெரியும்போது சூரியன் இல்லை. பகலில் இன்னும் கொஞ்சம் என்பது முன்போல் அருமையான பண்டமன்று. ஆசிரியரின் நோக்கம் விற்பதன்று. வீட்டுச் செலவை ஈடுசெய்வதே. அதற்குக் கூடக் குளிரூட்டியை இரவிலன்றிப் பிற்பகலில் ஓட விடுவது, ஸ்கூட்டரைப் பகலில் ஏற்றுவது, தண்ணீர்ப் பம்பை நண்பகலிற் போடுவது என்பவற்றால் ஓரளவு வழி பிறக்கும். இவை காசு செலவில்லாத பனல்கள்.

இவ்வளவும் பேசி முடிந்து தேநீர் வந்தபோதுதான் உண்மையான விஷயம் வெளிவந்தது.

ஆசிரியரின் மனைவியார் கோப்பைகளை வைத்துவிட்டு, “தம்பி, இந்த நாலும் போட்டால் இனிக் கரண்ட் போனாலும் மாமியின்ரை மிசின் நிக்காதுதானே?” என்று கேட்டார்.

உள்ளறையில் ஆசிரியரின் தாயார் படுத்திருந்தார். வயது 88. சுவாசப்பை நோயினால் ஓராண்டாக ஒட்சிசன் இயந்திரத்தோடு இருக்கிறார். அதன் இரைச்சல் நாம் வந்தது முதல் கேட்டுக்கொண்டே இருந்தது. குளிர்ப்பெட்டியின் சத்தமென்று எண்ணியிருந்தோம்.

ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். 2022 பங்குனி முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாதிருந்த நாட்களிற் கூரையிற் பனல்கள் வெயில் காய்ந்துகொண்டிருக்க, கீழே விசிறி சுழலாமல் நின்றது. “எட்டுப் பனல் காணாது, அதுதான்” என்று அப்போது யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரும் அதை நம்பியிருந்தார். மூன்று வருடமாக அந்த அம்மையார் மனத்தில் இருந்த கணக்கு மின்பட்டியற் கணக்கன்று, இதுதான். நாமும் காலையிலிருந்து வாற்றையும் வோல்ற்றையும் பேசிக்கொண்டிருந்தோமே தவிர, பனல் எதற்கு என்று கேட்கவில்லை. அது நமது பிழை.

எட்டன்று, எண்பது பனல் வைத்தாலும் சாதாரண இன்வேர்ட்டர் மின்தடையின்போது நின்றுவிடும். அது பழுதன்று, வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. வெளிக் கம்பியில் மின்சாரம் இல்லையென்று கண்டதும் இரண்டு செக்கனுக்குள் அது தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லையேல் நம் கூரையின் மின்சாரம் தெருக் கம்பியில் ஏறி, அறுந்த கம்பியைத் திருத்த ஏறியவரைக் கொன்றுவிடும். மின்தடையிலும் வீட்டுக்கு மின்சாரம் வேண்டுமானால் தெருவிலிருந்து வீட்டைத் தானே துண்டித்துக்கொண்டு இயங்கும் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் பற்றறியும் வேண்டும்.

மீண்டும் கடதாசி எடுத்தோம். இம்முறை கணக்கை ஆசிரியரே போட்டார். இயந்திரம் 350 வாற்று. எட்டு மணிநேரம் ஓடினால் 2.8 அலகு. ஒரு விசிறி, இரண்டு விளக்கு சேர்த்து மூன்றரை அலகு என்று வைத்துக்கொண்டால், 5 கிலோவாற்று மணி கொள்ளும் லித்தியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றறி ஓர் இரவைத் தாண்டும். பற்றறியை அடிமட்டம் வரை வடிய விடலாகாது. அதற்காகவே இந்த மிகுதி. குளிரூட்டியும் பம்பும் இந்தப் பக்கத்துக்கு வரவே கூடாது. தாயாரின் அறை, நடுக்கூடத்து விளக்கு, குளிர்ப்பெட்டி ஆகியவற்றுக்குத் தனி வயர் இழுத்துப் பிரிக்க வேண்டும். அதோடு ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று எப்போதும் அறையில் இருக்கட்டும் என்றும் சொன்னோம். எந்த இயந்திரமும் பழுதாகும். மூச்சை இயந்திரத்தின் கையில் மட்டும் கொடுத்துவிட முடியாது.

வியாபாரியிடமிருந்து வந்த இரண்டாவது விலைமதிப்பு முதலாவதைப்போற் பல மடங்கு. ஹைபிரிட் இன்வேர்ட்டரும் பற்றறியும் பனலிலும் விலை கூடியவை. இதை வாசகருக்கு மறைத்துப் பயனில்லை. மகளின் சீட்டுப் பணத்தோடு ஆசிரியர் தம் சேமிப்பிலிருந்தும் எடுத்தார். ஆயினும் எல்லாவற்றையும் ஒருமிக்க வாங்க முடியவில்லை. எதை விடுவது என்று வீட்டிற் பேச்சு நடந்தபோது மகள்தான், “பனல் அடுத்த சீட்டுக்குப் பாப்பம், அப்பா” என்றாளாம். இன்வேர்ட்டரும் பற்றறியும் முதலில் வந்தன. இப்போதைக்குத் தெரு மின்சாரத்திலிருந்தும் பழைய பனல்களிலிருந்தும் பற்றறி நிரம்புகிறது. நாலு பனலுக்குரிய உள்ளீடு இன்வேர்ட்டரில் வெறுமையாக இருக்கிறது. கொள்ளளவு கூட்டும் விண்ணப்பமும் கொடுத்தாயிற்று.

சென்ற வாரம் ஆசிரியர் தொலைபேசியிற் பேசினார். ஓர் இரவு மழையோடு மின்சாரம் போய் விடியும்வரை வரவில்லையாம். அயலெல்லாம் இருட்டு. தாயார் விழிக்கவில்லை என்றார். மனைவியார்தான் பழக்கத்தில் மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.

பின்னர் பட்டியல் விஷயத்துக்கு வந்தார். முருங்கைக் கொப்பு வெட்டியாயிற்று. பனல்களைக் கழுவியுமாயிற்று. முதலிற் கிணற்றுத் தண்ணீரால் அவர் கழுவ, நமது சுண்ணாம்புக் கிணறுகளின் குணத்தால் வெயில் ஏறியதும் வெள்ளைப் படலம் படிந்துவிட்டது. இப்போது சேமித்த மழைத் தண்ணீரும் பழைய பருத்தித் துணியுங் கொண்டு, சூடேற முன், விடியற்காலையிலே துடைக்கிறார். நாளொன்றுக்கு ஓர் அலகுக்குக் கிட்டக் கூடியிருக்கிறது என்று தம் கொப்பியில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினார். திகதி வாரியாக எழுதி வருகிறார், கணித ஆசிரியரல்லவா.